14. ஆரஞ்சுப் பட்டத்தில் போனது யார்?

பதினோரு நாளாக அந்த வீட்டில் அம்மா மகனோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் வாயே திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. மகன் எதிரில் நிற்கும்போதே மகளைப் பார்த்து, “அவன்கிட்ட சொல்லு, ஈரத் துணிய நாற்காலி மேல போட வேண்டாம்னு,” என்பாள். மகளும் தலையைத் திருப்பி, “டேய், ஈரத் துணிய நாற்காலி மேல போடக் கூடாதாம்,” என்பாள். அவன் எடுத்துக்கொண்டு போவான். மூன்றடி தூரத்துக்கு ஒரு தபால்காரி தேவைப்பட்டது.

இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுவோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. நீச்சல்காரர்களுக்கென்று சிவப்பு மிதவை கட்டிப் பிரித்த கடல் பகுதிக்குள் ஓர் ஆரஞ்சுப் பட்டம் சீறிக்கொண்டு வந்தது. கைட் சர்ஃபிங் பார்த்திருப்பீர்கள். காலில் பலகை, இடுப்பில் அகலப் பட்டை, அதிலிருந்து நீளும் கயிறுகளின் மறுமுனையில் ஓர் அறை அகலத்துக்குப் பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அன்று வந்த ஆள் மிதவையைத் தாண்டி எகிறி, குளித்துக்கொண்டிருந்த ஆறு பேரின் தலைக்கு மேலே பறந்து, கரை மணலை உழுதுகொண்டு போய், லைஃப்கார்டு கோபுரத்தின் காலில் மோதிய பிறகுதான் எல்லாம் நின்றது. நடுவில் கயிறு உரசி, குளிக்க வந்த தையல்காரம்மாவின் தோள் கிழிந்தது. யார் என்று பார்ப்பதற்குள் அந்த ஹெல்மெட் தலை பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

யாரோ செல்போனில் எடுத்த படத்தில் முதுகும் பட்டமும் மட்டும் விழுந்திருந்தன. பட்டத்தின் இடது மூலையில் ஒரு நீல ஒட்டு. ஒட்டுப் போட்டது மகள். பட்டம் மகனுடையது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“நான் இல்லம்மா,” என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான்.

“உன் கைட்டு, உன் டிரெஸ்ஸு. அப்புறம் யாரு, பேயா?” என்று கேட்டாள்.

அவன் அவளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். திருட்டு முழி என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். போன வருஷம் வீடியோவுக்காகப் படகுத்துறையைத் தாண்டிக் குதித்தவன்தானே இவன். அன்று அவள் அழுது, கெஞ்சி, தலையில் அடித்துக்கொண்டு வாங்கிய சத்தியத்தை இப்படிக் காற்றில் விட்டுவிட்டானே என்று அவளுக்கு ஆறவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மகள் அந்தக் கரையில்தான் மூன்று வருஷமாகக் கைட் சர்ஃபிங் பள்ளி நடத்துகிறாள். நகராட்சி ஒதுக்கிய நூற்றைம்பது அடிக் கரைதான் அவளுக்கு வகுப்பறை. அதை நகராட்சி மறுநாளே தற்காலிகமாக மூடிவிட்டது. நிரந்தரமாக மூடுவதா என்று முடிவெடுக்க வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம்.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

சமையலறையில் மகள் டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். அவள் சட்டையைத் தேய்த்துப் போட்டு அம்மா பார்த்ததே இல்லை.

“மூடிட்டா என்னம்மா பண்றது?”

“மூட மாட்டாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். அவளுக்குத் தெரிந்தது வேறு. இருபத்தேழு வருஷமாக நகராட்சிக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவதுதான் அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவள் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போய் ‘மினிட்ஸம்மா’ என்றாகிவிட்டது. இன்றைய கூட்டத்துக்கான வரைவுத் தீர்மானத்தை நேற்று மாலை தட்டச்சு செய்ததும் அவள்தான். ‘மேற்படி கரைப்பகுதியில் கைட் சர்ஃபிங்குக்கான அனுமதி நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது.’ மகள் பிழைப்பில் மண்ணைப் போடும் அந்த வரியைத் தன் பத்து விரலாலேயே அடித்து, எழுத்துப் பிழை பார்த்து, மூன்று பிரதி எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“எனக்கு அந்த வேலை வேண்டாம், என் பொண்ணு விஷயம், வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க,” என்று செயலரிடம் சொல்லிப் பார்த்தாள். “மத்தவங்க லீவு. நீங்க எழுதத்தானே போறீங்க, ஓட்டா போடப் போறீங்க?” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

கணவர் உள்ளே வந்தார். முட்டி ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். இன்னும் வலது காலை இழுத்துத்தான் நடப்பார். ஃபெர்ரிப் படகு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்தப் பட்டப் பைத்தியத்தை ஏற்றிவிட்ட புண்ணியவானும் அவர்தான். இன்று காலையிலேயே சவரம் செய்திருந்தார்.

“நானும் கூட்டத்துக்கு வரேன்,” என்றார்.

“நீங்க எதுக்கு? படி ஏறணும். காலைத் தூக்கி வச்சுட்டு டிவி பாருங்க.”

டிவி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “வரேன்னா வரேன்,” என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுக்காமலே போய்விட்டார்.

மகன் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

“அவன்கிட்ட சொல்லு,” என்றாள் அம்மா மகளிடம், “இன்னிக்காவது வந்து உண்மையச் சொல்லச் சொல்லு. ஒரு மன்னிப்புக் கேட்டா கொஞ்சம் இரக்கம் பார்ப்பாங்க.”

மகள் இந்த முறை தபால்காரி வேலை பார்க்கவில்லை. “நீயே சொல்லேன்மா,” என்று கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அம்மா சொல்லவில்லை. வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

*

நகராட்சியின் முதல் மாடிக் கூடத்தில் நீள மேஜை, ஏழு உறுப்பினர்கள், எதிரே பொதுமக்களுக்கு நாற்பது நாற்காலிகள். அதில் முப்பது நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் நீச்சல்காரர்கள், ஒரு பக்கம் பட்டக்காரர்கள். நடுவில் நடைபாதை விட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்தி வீட்டார் மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் கணவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் வரவில்லை.

மினிட்ஸம்மா மேஜையின் ஓரத்தில் சுருக்கெழுத்து நோட்டைப் பிரித்து வைத்தாள். அவளுடைய தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் என்ன சொன்னார், என்ன முடிவாயிற்று, அவ்வளவுதான் எழுத வேண்டும். கத்தினார், அழுதார், மேஜையைத் தட்டினார் என்பதெல்லாம் ஏறக் கூடாது. ஒருமுறை ஓர் உறுப்பினர் இன்னொருவர் மேல் தண்ணீரை வீசியபோதுகூட ‘கூட்டம் ஐந்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதியவள் அவள்.

தலைவர் தொழிலால் பல் டாக்டர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு மகளை முதலில் பேசச் சொன்னார்.

மகள் எழுந்தாள். கையில் எழுதிக்கொண்டு வந்த தாள் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினாள்.

“நடந்தது தப்பு. அதுக்கு நான் சாக்குச் சொல்லப் போறதில்ல. என்கிட்ட பதினாறு பேர் கத்துக்கறாங்க. முதல் வாரம் நான் கைட்டையே கையில கொடுக்க மாட்டேன், காத்தைப் பாக்கத்தான் கத்துக் கொடுப்பேன். நீங்க இந்தக் கரையை மூடிட்டீங்கன்னா காத்தும் நிக்காது, கைட்டு ஓட்டறவங்களும் நிக்க மாட்டாங்க. கார் நிறுத்தற இடத்துலேர்ந்து, பாறை மேலேர்ந்து கிளம்புவாங்க. அப்போ பாத்துக்க ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. அதான் எனக்குப் பயம்.”

நன்றாகத்தான் பேசினாள். அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்தது. நோட்டில் ‘பள்ளி நடத்துபவர் தன் தரப்பைக் கூறினார்’ என்று விழுந்தது.

“ஆனா ஓட்டினது உங்க தம்பிதானே?” என்றார் தலைவர்.

“அவன் இல்லேன்னு சொல்றான் சார்.”

“நீங்க நம்புறீங்களா?”

மகள் ஒரு விநாடி தயங்கினாள். அந்த ஒரு விநாடியைக் கூடம் முழுக்கப் பார்த்தது. “நம்பணும்னு நினைக்கறேன்,” என்றாள்.

நீச்சல்காரர்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. ‘தம்பி’ என்று எழுதும்போது அம்மாவின் பேனா அழுத்தி, தாளில் ஒரு பள்ளம் விழுந்தது.

அடுத்து லைஃப்கார்டு தலைவி. நெட்டையான பெண். காக்கி அரைக்கால் சட்டையோடே வந்திருந்தாள். தன் பதிவேட்டைத் திறந்து வாசித்தாள்.

“ஆறு முப்பத்திரண்டு. ஆரஞ்சு கைட், மிதவைக்குள்ள நுழைஞ்சது. ஆறு முப்பத்து மூணு. கோபுரத்துல மோதினது. நான் இறங்கிப் போறதுக்குள்ள அந்த ஆள் கைட்டைச் சுருட்டிட்டு மேட்டுப் பக்கம் போயாச்சு. வலது காலை இழுத்து இழுத்துப் போனாரு. மோதினதுல அடிபட்டிருக்கும்னு நினைச்சேன்.”

பேனா ஓடியது. ‘வலது காலை இழுத்து’ என்பது வரை ஓடியது. அங்கே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனைத் திட்டித் தீர்த்தபோது அவன் என்ன செய்தான்? மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி, அறைக் கதவை அறைந்து சாத்தினான். அடிபட்ட கால் இரண்டு படி தாவுமா? கோபத்தில் அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை. இப்போது, தானே எழுதிய ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பளிச்சென்று தெரிந்தது.

அவள் மெல்லத் தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கணவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது காலை இழுத்துக்கொண்டு நடைபாதையில் முன்னால் வந்துகொண்டிருந்தார்.

வேண்டாம் தெய்வமே, என்று நினைத்தாள். அடுத்த நொடியே, அவன் இல்லை, அவன் இல்லை என்று மனசு குதித்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

“ஐயா, நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?” என்றார் கணவர்.

“நீங்க யாரு?”

“பட்டம் ஓட்டினவன்.”

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என் பையனோட பட்டம். அவனோட டிரெஸ்ஸு. ஓட்டினது நான். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது அவன் விளையாட்டா, ‘இனிமே உங்களால முடியாதுப்பா, டிவி பாருங்க’ன்னான். அது உள்ள தைச்சிருச்சு. விடியறதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டேன். பட்டத்தைப் பிடிச்சுத் தூக்கிவிட இன்னொருத்தர் இல்லாம யாரும் கிளம்பக் கூடாதுன்னு ரெண்டு பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்னிக்கு வேலிக் கம்பத்துல மாட்டித் தனியாக் கிளம்பினேன். காத்து விட்டு விட்டு அடிச்சுது. அதுவும் தெரிஞ்சுதான் போனேன். ஒரே ஒரு ஜம்ப்புன்னு ஆசை. மிதவை வர்றதுக்குள்ள திரும்பிடலாம்னு திமிர்.”

“ஆபத்துன்னா பட்டத்தை உதறிவிட ஒரு கைப்பிடி இருக்குமே?” என்று தலைவர் கேட்டார். மனிதர் கோப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“இருக்கு. அதத்தான் இழுத்தேன். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். என் பழைய பட்டத்துல நம்ம பக்கம் இழுக்கணும். இருபது வருஷம் அப்படித்தான். இப்போ வர்றதுல முன்னால தள்ளணும். எனக்குத் தெரியும், கடையில காட்டினாங்க. ஆனா அந்த நேரத்துல கை தலையைக் கேக்கல. இழுக்க இழுக்க நல்லா இறுகிப் போச்சு.” அவர் நீச்சல்காரர்கள் பக்கம் பார்த்தார். “அந்தம்மா தலை எனக்குக் கீழ போச்சு. நான் பாத்தேன். தினமும் பாக்கறேன்.”

மினிட்ஸம்மா எழுதிக்கொண்டிருந்தாள். கை தானாக எழுதியது. கண்ணில் தண்ணீர் கட்டி எழுத்து மிதந்தது.

“ஏன் இவ்வளவு நாள் சொல்லல?”

கணவர் மேஜையின் ஓரத்தை ஒருமுறை பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவள் தலை நிமிரவில்லை.

“அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன். வீட்டுல, ‘இதைச் செஞ்சவன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது’ன்னு ஒரே சத்தம். பயந்துட்டேன். மறுநாள் சொல்லலாம்னு தள்ளினேன். தள்ளத் தள்ள இன்னும் கஷ்டமாப் போச்சு. பையன் கண்டுபிடிச்சுட்டான். ‘நீங்களே சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்’னான். பதினோரு நாளா அவன் வாங்கின திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது.”

நீச்சல்காரர்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். பாவம், கல்யாணமான ஆளாக இருக்கும்.

தையல்காரம்மா எழுந்தாள். ஐம்பது வயசு, குட்டையான கட்டுமஸ்தான உடம்பு. தோளில் கட்டு இன்னும் இருந்தது. காலை ஆறு மணிக்குக் கடலில் இல்லையென்றால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டுவார்களாம்.

“நாலு தையல்,” என்றாள். “ஊருக்கெல்லாம் தைக்கறவளுக்கே தையல். வலது தோள். பதினோரு நாளா மெஷின்ல உக்கார முடியல. இவர் பொண்ணு பழம் எடுத்துட்டு வந்துச்சு. ஓட்டினவன் வரட்டும்னு கதவைச் சாத்திட்டேன். ஓட்டினவர் வரவேயில்ல.” கணவரைப் பார்த்துத் திரும்பினாள். “இப்போ கேளுங்க.”

“என்ன கேக்கணும்மா?”

“எப்படி இருக்குன்னு கேளுங்க.”

“எப்படி... எப்படி இருக்குங்க?”

“வலிக்குது,” என்றாள் தையல்காரம்மா. “ஆனா ஆறிட்டு வருது.”

அவ்வளவுதான் சொன்னாள். அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் தலைவர் பக்கம் திரும்பினாள்.

“கரையை மூடணும்னு எழுதிக் கொடுத்தது நாங்கதான். நானும் கையெழுத்துப் போட்டேன். கோபத்துல போட்டேன். அப்புறம் வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்போ யோசிச்சேன். இன்னிக்கு ஒருத்தர் பண்ணின தப்புக்குப் பட்டக்காரங்களுக்கு மூடுவீங்க. நாளைக்கு எங்கள்ல ஒருத்தர் மூச்சுத் திணறினா நீச்சலுக்கும் மூடுவீங்க. மூடறது உங்களுக்குச் சுலபம். எனக்குக் கடல் வேணும். அந்தப் பக்கம் அவங்க இருக்கட்டும், இந்தப் பக்கம் நாங்க இருக்கோம். நடுவுல நல்லாக் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு கயிறு கட்டுங்க. கோட்டைத் தாண்டினவங்களைப் பிடிச்சு உக்கார வைங்க.”

பேசிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உறுப்பினர்களோடு பக்கத்து அறைக்குள் போனார்.

பத்து நிமிடம் என்றார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மகள் வந்து அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். மகளின் கை சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள் அம்மா. அலுவலக நேரத்தில் அப்படி ஒரு காரியத்தை அவள் செய்ததே இல்லை. செயலர் பார்த்தார், பார்க்காத மாதிரி ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார்.

கதவு திறந்தது.

தலைவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வரைவுத் தீர்மானத்தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினாள். கூட்டம் முடியும் முன் தீர்மானத்தைக் குறிப்பெழுதுபவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது அந்த நகராட்சியின் வழக்கம். எழுந்து நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள்.

கரை மூடப்படாது. கைட் சர்ஃபிங் பகுதி பாறைகளுக்கு அந்தப் பக்கமாக இருநூறு அடி தள்ளிப் போகும். நடுவே நகராட்சி மஞ்சள் மிதவைக் கயிறு கட்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் எந்தப் பட்டமும் எழும்பக் கூடாது. பட்டத்தைப் பிடித்துவிட ஆள் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. பிடித்துவிட்டவர் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பழைய இழுப்புக் கைப்பிடி பழகியவர்கள் புதிதாகப் பயிற்சி எடுக்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. விபத்துக்குக் காரணமானவர் இரண்டு வருஷத்துக்கு அந்தக் கரையில் பட்டத்தைத் தொடக் கூடாது. கரை திறந்திருக்கும் நேரமெல்லாம் பயிற்சி பெற்ற இரண்டு பேர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த இருவரும் திங்கட்கிழமை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால் இந்த அனுமதி செல்லாது.

வாசித்து முடித்ததும் பட்டக்காரர்கள் கை தட்டினார்கள். தையல்காரம்மா மட்டும் நீச்சல்காரர்கள் பக்கத்திலிருந்து தட்டினாள், ஒற்றைக் கையால் தொடையில். மகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுது, அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

அம்மாவுக்குப் பதினோரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து வெளியே நடந்து போன மாதிரி இருந்தது. கரை பிழைத்தது. மகள் பிழைத்தாள். மகன் பொய் சொல்லவில்லை, சத்தியத்தை மீறவில்லை. இதற்கு மேல் அவள் என்ன கேட்கப் போகிறாள்?

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. நடைபாதையில் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

“முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாசம்! உங்களுக்கு அறிவு இருக்கா?”

“இல்ல,” என்றார் அவர் உடனே.

“வயசு என்ன ஆகுது?”

“அம்பத்தொன்பது.”

“எதுக்குப் பயந்தீங்க? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

அவர் அவளையே பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள், கிடைக்கவில்லை. உயிரோடு நிற்கிறாரே, கோபுரக் கால் இன்னும் ஓர் அடி தள்ளி இருந்திருந்தால் தலையில் அல்லவா மோதியிருக்கும் என்பதுதான் இப்போது நினைவில் நின்றது. “வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு,” என்று சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். “முதல்ல அந்தம்மா வீட்டுக்குப் போங்க. மெஷின்ல என்ன வேலை பாக்கியோ கேளுங்க. பட்டன் தைக்கவாவது உதவுங்க.”

மகள் செயலரின் அறையில் காகிதம் நிரப்பப் போயிருந்தாள். அம்மா படியிறங்கி வாசலுக்கு வந்தாள்.

மகன் அங்கே இருந்தான். சைக்கிள்களுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு. உள்ளே வராமல் இரண்டு மணி நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறான் என்பது அவன் காலடியில் கிடந்த நிலக்கடலைத் தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

“அப்பா சொல்லிட்டாராம்மா?” என்றான்.

“சொல்லிட்டார்.”

“கரை?”

“மூடல.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டான். தோள் இரண்டும் கீழே இறங்கின. இத்தனை நாளாக அவை மேலே ஏறியிருந்ததையே அவள் கவனிக்கவில்லை.

தபால்காரி இல்லாமல் நேருக்கு நேராக அவனோடு பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் கூச்சம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

“நீ இல்லேன்னு சொன்னே. நான் நம்பல,” என்றாள். “நம்பியிருக்கணும். தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சுடுடா.”

“பரவாயில்லம்மா.”

“பரவாயில்லன்னு சொல்லாதே. கோபம்னா கோபம்னு சொல்லு.”

“கோபமில்ல. தனியா இருந்த மாதிரி இருந்துச்சு. அதான் கஷ்டமா இருந்துச்சு,” என்றான்.

அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளைவிட ஒன்றரை அடி உயரமானவன், முழங்காலை மடக்கித்தான் சாய வேண்டியிருந்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

“அம்மா,” என்றான் அவன் தோளில் முகத்தை வைத்தபடியே. “ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் ஒரு போன் வந்துச்சு. தெக்கே ஒரு கரையில பெரிய ஸ்கூல். சொல்லிக் கொடுக்க ஆள் கேட்டாங்க. ரயில்ல எட்டு மணி நேரம். இங்க எப்படியும் யாரும் என்னை நம்பலையேன்னு... வரேன்னு சொல்லிட்டேன்.”

“எப்போ போகணும்?”

“திங்கக்கிழமை காலையில சேரணும். நல்ல வேலைம்மா. நான் தேடினா கிடைக்காது.”

திங்கட்கிழமை. அவள் உள்ளங்கை அவன் முதுகில் அப்படியே நின்றது. போகாதே என்ற சொல் வாய் வரை வந்தது. எந்த வாயால் சொல்வது? அவன் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைச் சொல்கிறான், குரலில் வெளிச்சம் இருக்கிறது.

மேலே படியில் தடதடவென்று சத்தம். மகள் ஓடி வந்தாள். தேய்த்த சட்டை கசங்கி, முகமெல்லாம் பல்லாக, கையில் ஒரு படிவத்தை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

“டேய்! முடிஞ்சுதுடா! பொறுப்பாளர் ரெண்டு பேர்ல ஒண்ணு நான். இன்னொண்ணுக்கு உன் பேரைக் கொடுத்துட்டேன். பயிற்சி எடுத்தவங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர இங்க யாருடா இருக்காங்க? திங்கக்கிழமை வந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்!”

மகன் அக்காவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். மகள் சிரிப்பு குறையாமலே, “என்னடா, ஏன் இப்படி முழிக்கறே?” என்றாள்.

இரண்டு பேர் கண்ணும் அம்மாவின் மேல் வந்து நின்றன. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நகராட்சி வாசல் படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் முதல்ல இப்படி உக்காருங்க,” என்றாள்.